தூரமும் அளவும்: சித்தூர் - திருப்பதிப் பகுதியில் தூரத்தோற்ற வரைவுக் கல்வி

முன்னுரை

கண்ணுக்குத் தோன்றும் உலகை ஒரு தட்டையான தாளின்மேல், தொலைவு புலப்படுமாறு வரையும் முறையே தூரத்தோற்ற வரைவு ஆகும். ஓவிய ஆசிரியர்கள் இதனைப் 'பெர்ஸ்பெக்டிவ்' என்றே வழங்குவர். இம்முறை தமிழகத்திற்கும் ஆந்திரத்தின் தென்பகுதிக்கும் சென்னை வழியாக வந்து சேர்ந்தது. பழைய தமிழ் எல்லையாகிய வேங்கடத்தைச் சூழ்ந்த சித்தூர், திருப்பதி, சந்திரகிரி, திருக்காளத்தி ஆகிய ஊர்கள், 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் அமையும்வரை சென்னையின் ஆட்சியெல்லையில் இருந்தவை. ஆகவே சென்னையில் வகுக்கப்பட்ட ஓவியக் கல்வியே இப்பகுதிப் பள்ளிகளுக்கும் உரியதாயிற்று. ஆனால் அக்கல்வி வெற்றிடத்தில் வந்து அமையவில்லை. கோயிற் சிற்பிகளும் துணி ஓவியர்களும் தமக்கென அளவுமுறை கொண்டு இப்பகுதியில் ஏற்கெனவே தொழில் செய்துவந்தனர். புதிய முறை பழைய முறைகளை எவ்வாறு மதிப்பிட்டது, அம்மதிப்பீடு எவ்வாறு மாறியது, இன்று வரையக் கற்பவர்க்கு அவ்வரலாறு உணர்த்துவது யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தூரத்தோற்றத்தின் அடிப்படைகள்

இத்தாலியின் புளோரன்சு நகரில் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் புருனெல்லெசுகி இம்முறையைச் செய்துகாட்டினார். 1435இல் ஆல்பெர்ட்டி ஓவியம் பற்றிய தம் நூலில் இதனை விதிகளாக வகுத்தார். ஓவியப் பரப்பை அவர் ஒரு சாளரத்திற்கு ஒப்பிட்டார். சாளரத்தின்முன் ஒருவர் ஒரே இடத்தில் நின்று, ஒரு கண்ணால் மட்டும் வெளியே பார்க்கிறார். பொருள்களிலிருந்து கண்ணுக்கு வரும் கோடுகள் சாளரத்தை எங்கெங்கு வெட்டுகின்றனவோ அங்கங்குப் புள்ளி வைத்தால் படம் கிடைக்கும். இதுவே அம்முறையின் சாரம். இதற்கு அடிப்படையான ஒளியியல் அறிவை 11ஆம் நூற்றாண்டின் அரபு அறிஞர் இபுனு அல் ஐதம் வளர்த்திருந்தார்.

தொடக்க மாணவர் கற்க வேண்டிய செய்திகள் சிலவே. முதலாவது அடிவானக் கோடு. அது எப்போதும் பார்ப்பவரின் கண் உயரத்தில் அமையும். பார்ப்பவர் அமர்ந்தால் அதுவும் தாழும். மாடியேறினால் அதுவும் உயரும். இரண்டாவது மறையும் புள்ளி. பார்ப்பவரை விட்டு ஒரே திசையில் விலகிச் செல்லும் இணைகோடுகள் யாவும் தாளில் ஒரு புள்ளியை நோக்கிக் குவியும். அவை தரைமட்டத்திற்கு இணையானவையாயின் அப்புள்ளி அடிவானக் கோட்டின்மேல் இருக்கும். மூன்றாவது அளவுக் குறைவு. 20 அடித் தொலைவில் உள்ள தூண் 40 அடித் தொலைவுக்குச் சென்றால் படத்தில் பாதி உயரமாகவும், 80 அடிக்குச் சென்றால் கால்பங்கு உயரமாகவும் குறையும்.

இவ்விதிகளைத் திருப்பதிப் பகுதியிலேயே கண்டறியலாம். சமதரையில் பத்தடி உயரத் தூண்கள் வரிசையாக நிற்கும் ஒரு மண்டபத்தில், கண் உயரம் ஐந்தடியாக உள்ள ஒருவர் நின்று பார்த்தால், அண்மைத் தூணையும் கடைசித் தூணையும் அடிவானக் கோடு சரிபாதியாகவே வெட்டிச் செல்லும். தூண்கள் எவ்வளவு சிறுத்தாலும் இவ்விகிதம் மாறுவதில்லை. இதனை அறிந்த மாணவர் கருவியின்றியே ஒரு தூண் வரிசையைப் பிழையின்றி வரைந்துவிடலாம். திருமலையின் மாடவீதிகள் கூடும் மூலையில் நிற்பவர்க்கு இரு வீதிகளும் இருபுறமாக விலகி, இருவேறு புள்ளிகளில் மறைவதாகத் தோன்றும். இது இருபுள்ளித் தோற்றம். அலிபிரியிலிருந்து மலைமேல் ஏறும் படிக்கட்டுப் பாதை மற்றொரு விதியைக் கற்பிக்கிறது. மேலேறிச் செல்லும் தளத்தின் கோடுகள் அடிவானக் கோட்டிற்கு மேலே ஒரு புள்ளியில் கூடும். அதே பாதையில் இறங்கி வருவோர்க்கு அவை அடிவானக் கோட்டிற்குக் கீழே கூடும். படிகளை வரையும் மாணவர் பலர் தடுமாறுவது இவ்விடத்தில்தான்.

சென்னைப் பள்ளியும் வடஆர்க்காடும்

சென்னையில் வரைவுக் கல்வி நில அளவையின் தேவையை ஒட்டித் தொடங்கியது. 1794இல் நிறுவப்பட்ட அளவைப் பள்ளி, நிலப்படமும் கட்டடப் படமும் வரையத் தெரிந்த இளைஞர்களை உருவாக்கியது. கலைக்கெனத் தனிப்பள்ளியை 1850இல் தொடங்கியவர் படை மருத்துவரான அலெக்சாண்டர் அண்டர். அடுத்த ஆண்டில் ஒரு தொழிற்பள்ளியையும் அவர் ஏற்படுத்தினார். 1855இல் இவை அரசின் பொறுப்பில் வந்தன. பிற்காலத்துச் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி இதன் தொடர்ச்சியே ஆகும்.

அக்காலத்து ஆங்கிலேயக் கலைப்பள்ளிகளுக்கு இலண்டனின் தென்கென்சிங்டன் வகுத்த பாடத்திட்டமே முன்மாதிரி. 1850களில் உருவான அத்திட்டம் 23 படிநிலைகளைக் கொண்டது. கருவிகொண்டு கோடு வரைதலாகிய முதற்படியிலேயே வடிவியல் வரைவு, இயந்திர வரைவு, தூரத்தோற்ற வரைவு ஆகிய மூன்றும் அடங்கியிருந்தன. இலைகளையோ மனித உருவையோ வரையப் பழகும் முன்பே மாணவர் அடிவானத்தையும் மறையும் புள்ளியையும் அறிந்திருக்க வேண்டும் என்பது இதன் கருத்து. இந்திய மாகாணங்களின் பள்ளிகளும் பெரும்பாலும் இவ்வழியையே பின்பற்றின.

சித்தூர் அப்போது வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. 1911 ஏப்ரல் 1ஆம் நாள் சித்தூர் தனி மாவட்டமாக அமைந்தது. பழைய வடஆர்க்காட்டின் பகுதிகளோடு கடப்பை மாவட்டத்தைச் சேர்ந்த மதனப்பள்ளி, வாயல்பாடு வட்டங்களும் அதனுள் இணைந்தன. தமிழும் தெலுங்கும் ஒருங்கு வழங்கும் இம்மாவட்டத்தின் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஓவிய ஆசிரியர் தேவைப்பட்டபோது, அப்பணிக்குத் தகுதியை உறுதி செய்தவை அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளே. 'லோயர் கிரேடு', 'ஹையர் கிரேடு' என்னும் பெயர்களால் அத்தேர்வுகள் பொதுமக்களிடையேயும் அறியப்பட்டன. தேர்ச்சி பெற்றவர் 'டிராயிங் மாஸ்டர்' ஆகலாம். தலைமுறை தலைமுறையாகக் கல்லிலும் துணியிலும் வரைந்து வந்தவர்க்கு அத்தகைய சான்று ஏதும் இல்லை. தூரத்தோற்ற வரைவு இவ்வாறு ஒரு கலைமுறையாக மட்டுமன்றி, மாத ஊதியத்திற்கு வழிகாட்டும் தகுதியாகவும் அமைந்தது. ஆகவே எது அறிவு, எது வெறும் கைப்பழக்கம் என்னும் பாகுபாடு கல்விக்கூடத்தின் வழியே வலுப்பட்டது.

சிற்ப மரபின் அளவுமுறை

தூரத்தோற்றம் அறியாதவர் அளவு அறியாதவர் என்னும் எண்ணம் அக்காலத்தில் பரவியிருந்தது. சிற்ப மரபை ஆராய்ந்தால் இது பொருந்தாமை விளங்கும். சிற்பியின் அடிப்படை அளவு தாளம். தாளம் என்பது முகத்தின் நீளத்தை ஒட்டிய அளவு. அதனை 12 அங்குலங்களாகப் பகுப்பர். முதன்மைத் தெய்வங்களுக்கு உரிய உத்தம தசதாளத்தில் உருவத்தின் முழு உயரம் 124 அங்குலம். இங்கு அங்குலம் என்பது அளவுகோலின் அங்குலமன்று. அவ்வுருவத்தினின்றே பெறப்படும் உறுப்பளவு. எனவே ஒரு சாண் படிமத்திற்கும் பத்தடிச் சிலைக்கும் ஒரே விகிதம் பொருந்தும். 1920இல் வெளிவந்த, தாளமானம் பற்றிய கோபிநாதராவின் ஆய்வு இவ்வளவைகளைத் தொகுத்துக் காட்டியது.

சிற்பி முதலில் நடுநூலை இடுகிறார். அதற்கு இருமருங்கும் பக்க நூல்களை இட்டு, மூக்கு, மார்பு, உந்தி, முழங்கால் ஆகியவை நூலிலிருந்து எவ்வளவு விலகும் எனக் குறிக்கிறார். முன்தோற்றம் ஒன்றாகவும் பக்கத்தோற்றம் ஒன்றாகவும் வரைகிறார். இன்றைய பொறியாளர் வரையும் முகப்புப் படமும் பக்கப் படமும் இவற்றோடு ஒத்தவையே. தூரம் அளவைக் குறைப்பதில்லை என்பது இவ்விரண்டிற்கும் பொதுவிதி. இன்னொரு வகையாகக் கூறின், தென்கென்சிங்டன் பாடத்தின் முதற்படியில் இருந்த மூன்று பிரிவுகளுள் வடிவியல் வரைவு சிற்பிக்குப் புதிதன்று. தூரத்தோற்றம் மட்டுமே புதிது.

அதுவும் முற்றிலும் அறியப்படாததன்று. விட்டுணு தருமோத்தரத்தின் சித்திரப் பகுதி உருவத்தின் ஒன்பது நிலைகளைக் கூறி, உருவம் திரும்புங்கால் ஒரு பக்கம் குறைதலையும் மறுபக்கம் மிகுதலையும் 'க்ஷயம்', 'விருத்தி' என்னும் சொற்களால் குறிக்கிறது. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லாரும் ஓவிய நூலைச் சுட்டி, நிற்றல், இருத்தல், கிடத்தல், இயங்குதல் என்னும் நிலைகளின் வகைகளைப் பேசுகிறார். உடலின் திருப்பத்தால் வரும் குறுக்கத்தை இம்மரபு அறிந்திருந்தது. ஆனால் படத்தில் உள்ள எல்லாப் பொருள்களையும் ஒரே புள்ளிக்குக் கட்டுப்படுத்தும் விதியை அது மேற்கொள்ளவில்லை. அதற்கான காரணத்தை அறியாமையில் தேடுவதைவிட அப்படங்களின் பயனில் தேடுவதே பொருத்தமாகும்.

காளத்தித் துணி ஓவியம்

2022 வரை சித்தூர் மாவட்டத்திலும் அதன்பின் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கும் திருக்காளத்தி, எழுதுகோலால் வரையும் கலம்காரித் துணிகளுக்குப் பெயர் பெற்றது. மூங்கில் கோலின் நுனியில் கம்பளியோ துணியோ சுற்றிச் சாயத்தைத் தோய்த்து வரைவர். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைப்பர்; புளியங்கரியால் மாதிரிக்கோடு இடுவர்; வெல்லமும் இரும்பும் ஊறிய கரைசலால் கருங்கோடும், படிகாரத்தின் துணையால் செந்நிறமும் பெறுவர். சுவர்ணமுகி ஆற்றின் ஓடும் நீர் துணிகளை அலசப் பயன்பட்டது.

இத்துணிகளில் இராமாயணம் முதலிய கதைகள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. நடுவில் பெரிய கட்டத்தில் முதன்மைத் தெய்வம் அமையும். சுற்றியுள்ள கட்டங்களில் ஒரே மாந்தர் பலமுறை தோன்றுவர். கோட்டின்மேல் தெலுங்கில் விளக்கம் எழுதப்படும். இங்கு ஒரு கட்டத்தில் காடும் அடுத்த கட்டத்தில் அரண்மனையும் வரும். பார்ப்பவர் துணியின் நீளத்தோடு நகர்ந்து கதையைத் தொடர்கிறார். தூரத்தோற்ற வரைவோ ஓர் இடத்தில், ஒரு நொடியில் நிற்பவரை வேண்டுவது. நடந்து கதை கேட்பவர்க்கு வரைந்த துணியை நின்று பார்ப்பவரின் விதியால் அளந்தால் அது பிழையாகத்தான் தோன்றும். பிழை துணியில் இல்லை. அளவுகோல் மாறியதே காரணம்.

சென்னைக் கலைப்பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களே இதனை உணரத் தொடங்கினர் என்பது குறிப்பிடத்தக்கது. 1884இல் அப்பொறுப்பை ஏற்ற ஈ. பி. ஏவல் தென்னிந்தியக் கைவினைகளை ஆராய்ந்தார். பின்னர்க் கல்கத்தா சென்ற அவர், 1908இல் வெளியிட்ட இந்தியச் சிற்ப ஓவிய நூலில், இந்தியக் கலையை ஐரோப்பிய இயல்புநெறியால் அளத்தல் தகாது என வாதிட்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பள்ளியை நடத்திய டபிள்யூ. எஸ். ஆடவே, சிற்ப நூல்களுக்கும் தென்னிந்தியப் படிமங்களுக்கும் உள்ள தொடர்பை 1914இல் எழுதினார். சென்னை மாகாணத்துப் பருத்தித் துணி ஓவியம் பற்றிய நூலை 1917இல் வெளியிட்டார். பள்ளியில் தூரத்தோற்றம் பாடமாக நீடித்தபோதே, பள்ளியை நடத்தியவர்கள் அதற்கு வெளியே இருந்த அறிவையும் பதிவு செய்தனர்.

இக்கருத்து மாற்றம் சித்தூர் மாவட்டத்திற்கு உள்ளேயும் ஒரு களம் பெற்றது. 1915இல் மதனப்பள்ளியில் பிரம்மஞான சபையினர் கல்லூரி தொடங்கினர். அதன் முதல்வராக இருந்த அயர்லாந்துக் கவிஞர் சேம்சு கசின்சு, இந்திய ஓவிய மறுமலர்ச்சியை ஆதரித்து எழுதியவர். 1919இல் தாகூர் அக்கல்லூரியில் தங்கி, 'சன கண மன' பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். வங்காளத்தில் அவனீந்திரநாத் தாகூர் தொடங்கிய ஓவிய இயக்கம் தூரத்தோற்றத்தைக் கட்டாய விதியாகக் கொள்ளாதது. அவ்வியக்கத்தின் ஆதரவாளர் இம்மாவட்டக் கல்லூரியொன்றில் பணியாற்றிய அதே காலத்தில், பள்ளிகளில் தூரத்தோற்றமே தேர்வுக்குரிய பாடமாக இருந்தது. ஒரு சாரார் அதனை மெய்ம்மையின் அளவாகக் கருதினர். மற்றொரு சாரார் அதனை அயல்நாட்டுப் பழக்கமாக ஒதுக்கினர். இரு சாராரும் அதனைப் பயன்நோக்கி மதிப்பிடத் தவறினர் எனலாம்.

மூலவரும் நாட்காட்டிப் படமும்

தூரத்தோற்றத்தின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டும் இடம் திருமலைக் கோயிலே. பொன்வாயிலருகே வரும் அடியவர், அடுத்தடுத்த வாயில்களின் ஊடாகக் குலசேகரன் படிக்கு அப்பால் விளக்கொளியில் மூலவரைக் காண்கிறார். அக்காட்சியை விதிப்படி வரைந்தால் அண்மையிலுள்ள வாயில்நிலைகள் தாளை நிறைக்கும். ஒன்றனுள் ஒன்றாகச் சிறுத்துச் செல்லும் சட்டங்களின் நடுவே மூலவரின் உருவம் மிகச் சிறியதாக அமையும். கண் பெற்ற காட்சி அதுவே. ஆனால் அடியவர் ஊர் திரும்பியபின் நினைவில் கொள்வது வாயில்நிலைகளை அன்று. ஆகவே தஞ்சை ஓவிய முறையிலும் அதனோடு உறவுடைய திருப்பதிப் படங்களிலும் இறைவன் உருவமே பலகையை நிறைத்து நேர்நோக்கில் நிற்கிறது. அங்கு உருவின் அளவைத் தீர்மானிப்பது தொலைவு அன்று, சிறப்பு.

இவ்விரு நெறிகளையும் ஒரே தாளில் இணைத்தது அச்சுப்படம். கலைப்பள்ளியில் பயிலாமலேயே ஐரோப்பிய முறையைக் கைவரப்பெற்ற இராசா ரவிவர்மா, 1873இல் சென்னைக் கண்காட்சியில் பரிசு பெற்றார். 1894இல் அச்சகம் நிறுவிப் புராணக் காட்சிகளை மலிவு விலைப் படங்களாக வெளியிட்டார். தமிழகத்தில் கொண்டையராசு (1898-1976) சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று, நாடகக் குழுக்களுக்குத் திரைகள் எழுதி, பின்னர்க் கோவில்பட்டியில் தங்கி நாட்காட்டிப் படங்கள் வரைந்தார். நாடகத் திரை தூரத்தோற்றத்திற்குச் சிறந்த பயிற்சிக்களம். சில அடி ஆழமே உள்ள மேடையில் நீண்ட வீதியும் தூண் வரிசையும் தோன்றச் செய்ய வேண்டும். அத்திரையின் முன்னே தெய்வ வேடம் பூண்ட நடிகர் அவையை நேராக நோக்கி நிற்பார். நாட்காட்டிப் படத்தின் அமைப்பும் இதுவே. முன்னே நேர்நோக்கில் பெரிய தெய்வ உருவம். பின்னே விதிப்படி சிறுத்துச் செல்லும் தளவரிசை, தூண்கள், கோபுரம், மலை. கல்விக்கூடம் எதிர்நிலைகளாக நிறுத்தியவற்றைத் தொழில்முறை ஓவியர்கள் வாதமின்றி ஒன்றுசேர்த்தனர்.

1953க்குப் பின்

ஆந்திர மாநிலம் அமைந்த பின்னரும் 'லோயர்', 'ஹையர்' ஓவியத் தேர்வுகள் அங்குத் தொடர்ந்தன. மறுபுறம் மரபுத் தொழில்களுக்கும் கல்விநிலை கிடைக்கத் தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காளத்தியில் கலம்காரி வரைவோர் மிகச் சிலராகக் குறைந்திருந்தனர். கமலாதேவி சட்டோபாத்தியாயர் முதலியோரின் முயற்சியால் 1957இல் அங்குப் பயிற்சி நிலையம் ஏற்பட்டது. தந்தையிடம் தொழில் கற்ற காளத்திக் கலைஞர் சொன்னலகட்டா குரப்பச் செட்டிக்கு 2008இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. திருப்பதியில் தேவத்தானத்தின் மரபுச் சிற்பக் கல்வி நிறுவனம் சிற்பத்தையும் கலம்காரியையும் பாடமாகக் கற்பித்து வருகிறது. முன்பு சான்றிதழ் இன்மையால் அறிவாகக் கருதப்படாதவை இவ்வாறு சான்றிதழ் பெறும் நிலையை அடைந்தன.

இரு முறைகளும் ஏன் ஒருங்கே தேவை என்பதற்குக் காளத்தி நிகழ்ச்சியொன்று சான்றாகிறது. கிருட்டிணதேவராயர் 1516இல் எடுப்பித்த இராசகோபுரம் 2010 மே 26ஆம் நாள் இடிந்து விழுந்தது. புதிய கோபுரத்தின் குடமுழுக்கு 2017இல் நடைபெற்றது. இடிந்த ஒரு கோபுரத்தின் ஒளிப்படமோ தூரத்தோற்றப் படமோ அது வீதியில் நின்றவர்க்கு எவ்வாறு காட்சியளித்தது என்பதைக் காட்டும். அதன் நிலைகளின் உண்மை அளவை நேராகத் தராது. மேல்நிலைகள் தூரத்தால் சிறுத்தனவா, அளவிலேயே குறுகியவையா என்பதைப் படத்திலிருந்து பிரித்தறிதல் எளிதன்று. கோபுரத்தில் இவ்விரண்டும் கலந்தே நிகழ்கின்றன. அளவைத் தருவது நூலிட்டு எடுத்த முகப்புப் படமே. ஆனால் அம்முகப்புப் படம் மட்டும் இருப்பின், கோபுரம் வீதியோடும் மலையோடும் சேர்ந்து கொண்ட தோற்றம் மறைந்துவிடும். திருமலையில் 2003இல் அகற்றப்பட்ட ஆயிரங்கால் மண்டபத்திற்கும் இது பொருந்தும். தரைப்படம் தூண்களின் இடத்தைக் கூறும்; தூண்களினிடையே நின்றவர் கண்ட ஆழத்தைத் தூரத்தோற்றப் படமே கூறும்.

முடிவுரை

சித்தூர் - திருப்பதிப் பகுதிக்குத் தூரத்தோற்ற வரைவு சென்னைப் பள்ளியின் தேர்வுப் பாடமாக வந்தது. வந்த காலத்தில் அது மெய்ம்மையின் ஒரே அளவாகக் கொள்ளப்பட்டமையால், தாளமும் நூலும் அறிந்த சிற்பியும், கதையின் ஓட்டத்திற்கேற்ப வரைந்த துணி ஓவியரும் வரைவறியாதவராக எண்ணப்பட்டனர். பின்னர் எழுந்த மறுமதிப்பீடு மரபைப் போற்றியது. எனினும் தூரத்தோற்றத்தை அயலது எனத் தள்ளும் போக்கிற்கும் இடமளித்தது. மூன்று முறைகளும் மூவகைப் பார்வையாளரை உளங்கொண்டவை என்பதே வரலாறு காட்டும் உண்மை. ஓரிடத்தில் நிற்பவர்க்குத் தூரத்தோற்றமும், நகர்ந்து கதை தொடர்பவர்க்குக் காளத்தித் துணியும், செய்து முடிக்க வேண்டிய கைக்குச் சிற்பியின் நூலும் உரியன.

சந்திரகிரி இராசமகாலின் முன் அமர்ந்து படம் வரையப் பழகும் மாணவர் முதலில் தம் கண் உயரத்தை அறிந்து அடிவானக் கோட்டை இடவேண்டும். மூன்று நிலைகளின் வளைவுச் சாளரங்களும் அக்கோட்டிற்கு மேலே எவ்வாறு சரிகின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். பின்னர் அதே முகப்பை அளந்து, சரிவின்றி, நூலிட்டும் வரையவேண்டும். இவ்விரு படங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விளக்கத் தெரிந்தவரே தூரத்தோற்றத்தின் அடிப்படையைக் கற்றவர் ஆவார். பள்ளிப் பாடத்தில் இவ்விரு பயிற்சிகளும் அடுத்தடுத்து அமையுமாயின், நூறாண்டுக்கும் மேலாகப் பிரிந்து நின்ற இரு கல்விகளும் மாணவர் கையில் ஒன்றுசேரும்.